தோல் அரிப்புக்கு ஒரு சீனக் கஷாயம்

வயது அறுபதைத் தாண்டியவர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு சர்க்கரையில் தொடங்கி, இரத்த அழுத்தத்தைத் தொட்டு, முழங்கால் வலியில் சற்று நின்று, கடைசியில் தோல் அரிப்பில் வந்து முடிவதைப் பார்த்திருக்கிறேன். முதல் மூன்றுக்கும் பலதுறை மருந்தகத்தில் தேதி கொடுத்து, மருந்து கொடுத்து, முறையாகக் கவனிக்கிறார்கள். அரிப்பை மட்டும் யாரும் ஒரு நோயாக மதிப்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து கணுக்காலைச் சொறிந்துகொண்டிருப்பவருக்குத்தான் அதன் கொடுமை தெரியும்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் நம்மவர்கள் இத்தகைய தொல்லைக்குச் சீன மருந்துக்கடைப் படியேறுவது புதிய பழக்கமன்று. சிராங்கூன் சாலையிலேயே 1910ஆம் ஆண்டிலிருந்து குவோங் வாய் ஷியூ மருத்துவமனை இருந்து வருகிறது. அதற்கும் முன்னதாக, 1867இல் தொடங்கப்பட்ட தோங் சாய் மருத்துவ நிலையம் இனம், சமயம் பாராமல் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்துப் பெயர் பெற்றது. ஆகவே "சின்சே கொடுத்த மருந்து" என்பது நம் வீடுகளில் பழகிப்போன சொல்தான். ஆனால் அந்தப் பொட்டலத்திற்குள் இருப்பது என்ன, அது யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதைக் கேட்டறிந்து குடிப்பவர்கள் மிகக் குறைவு. நான் மருத்துவன் அல்லன். பள்ளியாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கோயில் நிர்வாகக் குழுவில் இருப்பதால் மூத்தவர்கள் பலர் என்னிடம் இதைப்பற்றிக் கேட்கிறார்கள். என் வீட்டிலேயே இந்தக் கேள்வி எழுந்தபோது நான் தேடிப் படித்தவற்றையும் விசாரித்து அறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

வறண்ட தோலில் வரும் அரிப்புக்குச் சீன வைத்தியர்கள் பெரிதும் நாடும் கஷாயம் ஒன்றின் பெயர் 'தாங் குவேய் யின்ஸு'. தாங் குவேய் என்பது ஒரு வேர். யின்ஸு என்றால் பருகும் மருந்து என்று பொருள். தாங் குவேய் நமக்கு அறிமுகமான பொருள்தான். உணவங்காடிகளில் மூலிகைக் கோழி சூப் கொதிக்கும்போது இனிப்பும் கசப்பும் கலந்து ஒரு வாசம் எழுமே, அதில் பெரும்பங்கு இந்த வேருடையது.

இக்கஷாயம் பழைமையானது. தென் சோங் அரசர் காலத்தில் யான் யோங்ஹே என்னும் வைத்தியர் 1253ஆம் ஆண்டில் 'ஜி ஷெங் ஃபாங்' என்ற நூலை எழுதினார். உயிர்களைக் காக்கும் மருந்து முறைகள் என்று அதன் பெயருக்குப் பொருள் கொள்ளலாம். இக்கஷாயம் அந்த நூலில் உள்ளது. ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. யான் யோங்ஹே இதை வறண்ட தோலுக்கு மட்டும் சொல்லவில்லை. உடலெங்கும் சிரங்கு, வீக்கம், நீர் வடியும் புண், சிவந்த தடிப்பு என்று பலவற்றுக்கும் சொன்னார். பின்வந்த வைத்தியர்கள் அனுபவத்தில் பார்த்து, நீர் வடியும் புண்ணுக்கு வேறு மருந்துகளைத் தேர்ந்துகொண்டு, இதை வறட்சி அரிப்புக்கென்று ஒதுக்கிவைத்தார்கள். ஏட்டில் உள்ளது என்பதற்காக எதையும் அப்படியே பின்பற்றாத இந்த மரபு எனக்குப் பிடித்திருக்கிறது.

காற்றும் இரத்தமும்

அரிப்பை ஏன் இரத்தத்தோடு சேர்க்கிறார்கள்? சீன மருத்துவம் அரிப்பைக் 'காற்று' என்கிறது. இன்றைக்கு முதுகில், நாளைக்குத் தொடையில், சற்று நேரத்தில் எங்குமில்லை. இப்படி இடம் மாறி, வந்து வந்து போவதால் அது காற்றின் குணம் கொண்டதாம். இந்தக் காற்று வெளியிலிருந்தும் வரலாம், உள்ளிருந்தும் எழலாம். வயதானவர்களுக்கு இரத்தம் குறைந்து தோலுக்கு ஊட்டம் போதாமல் போகிறது. ஊட்டமில்லாத தோல் காய்கிறது. காய்ந்த இடத்தில் உள்ளிருந்தே காற்று கிளம்புகிறது. வறண்ட வயலில்தானே புழுதி பறக்கும்! ஆகவே காற்றை விரட்டுவதற்கு முன் இரத்தத்தைப் பெருக்கி ஓடவிட வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. இங்கே இரத்தம் என்பது நம் மருத்துவமனைச் சோதனையில் வரும் இரத்த அளவு அன்று. உடலுக்கு ஊட்டமும் ஈரமும் தரும் ஆற்றலுக்கு அவர்கள் வைத்த பெயர். நம் சித்த மருத்துவத்தில் வாதம் என்று ஒன்று இருப்பது சிலருக்கு நினைவுக்கு வரலாம். ஒப்புமை உண்டு, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டும் ஒன்றே என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கஷாயத்தில் பத்து மூலிகைகள், அவற்றோடு சில இஞ்சித் துண்டுகள். முதல் நான்கு இரத்தத்திற்காக: தாங் குவேய், ச்சுவான் ஷியோங் என்னும் கிழங்கு, வெண் பியோனிச் செடியின் வேர், கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்கும் டீ ஹுவாங் வேர். இந்நான்கும் சேர்ந்தாலே அது 'நாற்பொருள் கஷாயம்' என்ற தனி மருந்தாகிவிடும். மாதவிலக்குக்குப் பின் பெண்களுக்குக் காய்ச்சிக் கொடுக்கும் பழக்கத்தை அண்டை வீட்டுச் சீனக் குடும்பங்களில் பார்த்திருப்பீர்கள்.

அடுத்த மூன்று காற்றுக்காக. அவற்றில் ஒன்றைக் கண்டு நான் வியந்துபோனேன். சீனர்கள் பாய் ஜிலி என்று அழைப்பது வேறெதுவும் அன்று, நம்முடைய நெருஞ்சில்தான்! ஊரில் ஒற்றையடிப் பாதையில் காலில் தைக்கும் அதே நெருஞ்சி முள். நம் வைத்தியர்கள் அதை நீர்க்கடுப்புக்குக் கொடுக்கிறார்கள். சீனர்கள் முள்ளை நீக்கி வறுத்து அரிப்புக்குக் கொடுக்கிறார்கள். ஒரே காய், இரண்டு நாடுகளில் இரண்டு வேலை. மற்ற இரண்டில் ஃபாங் ஃபெங் என்னும் வேரின் பெயருக்கே 'காற்றைத் தடுப்பது' என்றுதான் பொருள். இன்னொன்று ஜிங் ஜியே. துளசி, புதினாக் குடும்பத்தைச் சேர்ந்த நறுமணச் செடி.

எஞ்சியவை ஹே ஷோ வு என்னும் கிழங்கு, உடல் வலுவுக்கென்று ஹுவாங் ச்சி என்னும் வேர், கஷாயத்தை இணக்கமாக்கக் கான் சாவ். கான் சாவ் நம் அதிமதுரத்தின் நெருங்கிய உறவு; சுவைத்தாலே தெரிந்துவிடும். தாங் குவேய், ச்சுவான் ஷியோங், ஃபாங் ஃபெங் மூன்றும் நம் அடுப்படிக் கொத்தமல்லி, சீரகம், ஓமம் ஆகியவற்றின் குடும்பம் என்று தாவர நூல் சொல்கிறது. கொதிக்கும் பானையின் மேல் முகத்தை வைத்துப் பார்த்தால் அதில் ஐயம் இருக்காது.

பழைய நூலின் கணக்குப்படி ஏழு மூலிகைகள் ஒவ்வொன்றும் ஒரு பங்கு; ஹே ஷோ வு, ஹுவாங் ச்சி, கான் சாவ் மூன்றும் அரைப் பங்கு. இங்குள்ள கடைகளில் இன்றும் தாஹில் கணக்குப் பேசுவோர் உண்டு. ஒரு தாஹில் ஏறக்குறைய 37.8 கிராம், அதில் பத்தில் ஒன்று ஒரு ச்சி, அதாவது 3.78 கிராம். சின்சே எழுதும் சீட்டில் காணும் எண்கள் பெரும்பாலும் இந்த ச்சி கணக்கிலோ கிராமிலோ இருக்கும். இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் அளவு ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும் என்பதால், சீட்டை வாங்கும்போதே எந்தக் கணக்கு என்று கேட்டுவிடுவது நல்லது.

காய்ச்சும் முறை எளிது. மண்சட்டி அல்லது பீங்கான் சட்டி வேண்டும். இரும்பும் அலுமினியமும் ஆகா. மூலிகைகளை அரை மணி நேரம் ஊறவைத்து, மூன்று கிண்ணம் நீர் ஒரு கிண்ணமாகும்வரை சிறு தீயில் காய்ச்சி வடிகட்டுவார்கள். அதே சக்கையை மறுமுறையும் காய்ச்சலாம். கசக்கும்; அதற்காகத்தான் சில கடைகளில் பொட்டலத்தோடு ஒரு சிறு பொதி உலர்ந்த திராட்சையோ உப்புப் பிளமோ வைத்துக் கொடுத்தார்கள். இப்போது பலர் காய்ச்சுவதில்லை. கஷாயத்தை வற்றவைத்துத் தூளாக்கிய பொட்டலங்கள் வந்துவிட்டன. வெந்நீரில் கரைத்துக் குடித்தால் போதும். ஜப்பானில் இதே மருந்து 'தோக்கி இன்ஷி' என்ற பெயரில், எண் 86 என்று அச்சிட்ட தூள் பொட்டலமாக, அரசாங்க மருத்துவக் காப்புறுதியின் கீழ் டாக்டர்களாலேயே எழுதித் தரப்படுகிறது.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு செய்தி. இக்கஷாயத்தில் உள்ள அனைத்தும் செடிகொடிகள். ஆனால் அரிப்புக்கென்று பெயர்பெற்ற இன்னொரு கஷாயமான 'ஷியாவ் ஃபெங் சான்' அப்படியன்று. மிங் அரசர் காலத்து வைத்தியர் சென் ஷிகோங் 1617இல் எழுதிய நூலில் உள்ள அந்த மருந்தில் சிள்வண்டு கழற்றிய கூடு சேர்கிறது. அது சிவந்து, சூடேறி, நீர் வடியும் தோலுக்கான மருந்து, வறட்சிக்கு அன்று. இரண்டும் அரிப்பு மருந்து என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைக் குடிப்பது பொருந்தாது. நாக்கையும் நாடியையும் பார்க்காமல் "எனக்குக் கேட்டது, நீங்களும் குடியுங்கள்" என்று சீட்டைக் கைமாற்றிக்கொள்வது இதனால்தான் தவறாகப் போகிறது.

யாருக்கு ஆகாது

என் துணைவியாருக்கு இதய வால்வு மாற்றிய பிறகு இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் கெண்டைக்காலிலும் முதுகிலும் தாங்க முடியாத அரிப்பு. தோல் செதில் செதிலாக உதிர்ந்தது, இரவில் தூக்கமில்லை. எதிர்வீட்டுச் சீன மூதாட்டி தமக்குக் குணமானதாகச் சொல்லித் தாங் குவேய் யின்ஸுவின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தார். அந்த அம்மையாரின் அன்பில் குறையொன்றுமில்லை. தாளை எடுத்துக்கொண்டு எங்கள் வட்டாரத்துச் சின்சேயிடம் போனோம். எழுபதைக் கடந்தவர், எங்களோடு மலாயில்தான் பேசுவார். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், தலையசைத்தார். கஷாயம் பொருந்தும் என்பதுபோல்தான் இருந்தது. பிறகு, "மருத்துவமனை மருந்து என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்றார். என் துணைவியார் பையிலிருந்து மருந்துப் பொட்டலங்களை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றாகப் புரட்டிய சின்சே, வார்ஃபரின் பொட்டலத்தில் விரலை வைத்து நின்றுவிட்டார். "இதுவும் இரத்த மருந்து, அதுவும் இரத்த மருந்து. கலக்கக் கூடாது, அக்கா" என்று சொல்லித் தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வெந்நீர்க் குளியலை விடுங்கள், பலதுறை மருந்தகத்தில் போய் இரத்தச் சோதனை கேளுங்கள் என்றார். பணம் நீட்டினேன், வாங்கவில்லை.

பிறகு படித்துப் பார்த்தபோது அவர் சொன்னது முற்றிலும் சரியென்று தெரிந்தது. தாங் குவேய் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி, உள்ளே இரத்தக்கசிவு ஏற்படக் காரணமாகலாம் என்று மேல்நாட்டு மருத்துவர்களும் எச்சரித்திருக்கிறார்கள். கசிவு மூளையில் ஏற்பட்டால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. இரத்தம் நீர்க்கும் வேறு மாத்திரைகள் எடுப்பவர்களும் இதே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்களே. கோழி சூப்பும் அவர்களுக்கு அளவோடுதான்.

அதிமதுர இனமான கான் சாவைத் தொடர்ந்து பல வாரம் குடித்தால் உடலில் உப்பும் நீரும் தங்கி இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அழுத்தத்திற்காகச் சிறுநீர் மாத்திரை எடுப்போருக்கு இது இரட்டை இழப்பு. ஹே ஷோ வு கிழங்கு சிலருக்கு ஈரலைப் பாதித்திருக்கிறது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006இல் இதைப்பற்றி எச்சரிக்கை விடுத்தது. ஈரல் நோய் உள்ளவர்களும் அளவுக்கு மேல் மது அருந்துபவர்களும் இதைத் தொடவே கூடாது. மற்றவர்களும் கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். டீ ஹுவாங் வேர் செரிமானம் குறைந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். கருவுற்ற பெண்கள் தாமாக வாங்கிக் குடிக்கக் கூடாது.

இதனினும் ஆபத்தானது பெயர் தெரியாத களிம்பு. 'மூலிகைக் களிம்பு, பக்க விளைவு அறவே இல்லை' என்று விற்பார்கள். லண்டன் மருத்துவர்கள் அங்கே தோல் நோய்க்கென்று விற்கப்பட்ட சீன மூலிகைக் களிம்புகள் 11ஐச் சோதித்து 1999இல் வெளியிட்ட முடிவில், 8 களிம்புகளில் டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருந்தது. நம் நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையமும் இத்தகைய கலப்படத்தைப் பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. ஸ்டீராய்டு மருந்தில் தவறில்லை. டாக்டர் கண்காணிப்பில் அது நல்ல மருந்து. ஒளித்து வைத்திருப்பதுதான் தவறு. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இரவுச் சந்தையில் வாங்கிய டப்பாக் களிம்பை ஓராண்டு பூசினார். மூன்றே நாளில் அரிப்பு பறந்துவிட்டது என்று எல்லாரிடமும் புகழ்ந்தார். பிறகு முழங்கைத் தோல் வெங்காயச் சருகுபோல் மெலிந்து, பட்ட இடமெல்லாம் கன்றிப்போனது. மூன்று நாளில் மாயம் செய்யும் மூலிகையைக் கண்டால் நான் சற்று ஒதுங்கியே நிற்பேன்.

சரி, கஷாயம் உண்மையிலேயே பலன் தருகிறதா? ஆசிரியனுக்கு இந்தக் கேள்வியை விட்டுவிட மனம் வராது. சீன மூலிகைகளுக்கும் தோல் நோய்க்கும் உள்ள தொடர்பை மேல்நாட்டார் முறையாக ஆராயத் தொடங்கியது லண்டனில்தான். அங்கே சீனக் குடியிருப்பில் ஒரு சீன வைத்தியரிடம் போன எக்ஸிமா நோயாளிகள் குணமாகி வருவதைக் கண்ட தோல் மருத்துவர்கள், பத்து மூலிகைகள் கொண்ட தேநீர் ஒன்றைக் குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் சோதித்து 1992இல் வெளியிட்டார்கள். நல்ல பலன் தெரிந்தது. ஆனால் அது தாங் குவேய் யின்ஸு அன்று, வேறு மருந்து. பின்னர் ஹாங்காங்கில் ஐந்து மூலிகைகள் கொண்ட மருந்தை 85 பிள்ளைகளிடம் சோதித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், தோலின் நிலையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் மூலிகை உண்ட பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டுக் களிம்பின் தேவை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இத்தகைய ஆய்வுகள் 28ஐத் திரட்டி 2013இல் சீர்தூக்கிப் பார்த்தவர்கள், எக்ஸிமாவுக்குச் சீன மூலிகை பலன் தரும் என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றார்கள். எனவே நானும் இக்கஷாயத்தை அருமருந்து என்று புகழப் போவதில்லை. எழுநூற்றைம்பது ஆண்டு அனுபவம் அதற்குத் துணையாக இருக்கிறது. அனுபவம் வேறு, சோதித்து நிலைநாட்டுவது வேறு.

வறண்ட தோலுக்குக் காரணம் பெரும்பாலும் நம் குளியலறையிலேயே இருக்கிறது. வயதாக ஆகத் தோலின் இயற்கை எண்ணெய்ப் பசை குறைகிறது. அந்த மிச்சப் பசையையும் கொதிக்கும் வெந்நீரும் நுரைக்கும் சவர்க்காரமும் கழுவிவிடுகின்றன. குளிர்சாதன அறையின் உலர்ந்த காற்று மீதியைப் பார்த்துக்கொள்கிறது. மிதமான நீரில் விரைவாகக் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் காயுமுன் வாசனையற்ற களிம்பைப் பூசினால் பாதித் தொல்லை குறையும். என் துணைவியாருக்கு மருந்தகத்தில் கொடுத்ததும் அத்தகைய சாதாரணக் களிம்புதான். ஒரு நாளைக்கு மூன்று முறை, விடாமல். மூன்றாவது வாரத்தில் இரவு தூங்கினார்.

ஆனால் இரத்தச் சோதனையையும் எடுத்தோம், அதை மறக்கக் கூடாது. தோலில் தடிப்போ புண்ணோ இல்லாமல் உடலெங்கும் அரித்தால், அது சிறுநீரகம், ஈரல், தைராய்டு ஆகியவற்றின் கோளாறாக இருக்கலாம். அரிதாக இரத்தப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். எடை குறைந்து, இரவில் வேர்த்து, அரிப்பும் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. விரலிடுக்கில் தொடங்கி, வீட்டில் இருவர் மூவருக்கு ஒரே நேரத்தில் அரித்தால் அது பெரும்பாலும் சொறிப்பூச்சி. அதற்குக் குடும்பத்தார் அனைவரும் ஒரே நாளில் பூச்சி மருந்து பூச வேண்டும். எத்தனை கிண்ணம் கஷாயம் குடித்தாலும் பூச்சி சாகாது.

இவ்வளவுக்கும் பிறகு கஷாயம் குடித்துப் பார்க்க விரும்புவோர் பதிவு பெற்ற வைத்தியரிடமே போக வேண்டும். சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி பாரம்பரியச் சீன மருத்துவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். சான்றிதழைச் சுவரில் பார்க்கலாம். மலேசியாவிலும் 2016இல் பாரம்பரிய மருத்துவத்திற்கெனச் சட்டம் வந்துள்ளது. போகும்போது நீங்கள் உண்ணும் எல்லா மருந்துகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சின்சே கேட்காவிட்டாலும் மேசைமேல் எடுத்து வையுங்கள். அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது சின்சே எழுதிய சீட்டையும் கொண்டுபோங்கள். அதிலுள்ள சீன எழுத்துகளை உங்களுக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். அங்குள்ள மருந்தாளர்களில் படிக்கத் தெரிந்தவர் பலர் உண்டு.